ஓரத்துச் சிப்பாய்

திங்கள்

மாலை செஸ் வகுப்பில் எந்த போர்டைப் பார்த்தாலும் அதே கதை. காஸ்லிங் முடிந்த கையோடு வெள்ளை எச்3, கறுப்பு எச்6. ஏன் என்று கேட்டேன். "பிஷப் வந்து குதிரையைக் கட்டிப்போட்டுடும் சார்" என்றான் ஒரு பையன். எதிராளியின் பிஷப்போ சி8-ல் இருந்து ஜி4-க்கு வரவே முடியாமல் இருக்கிறது. ஈ6-ல் சொந்தச் சிப்பாயே வழியை அடைத்து நிற்கிறது. வராத விருந்தாளிக்கு இலை போட்ட கதைதான்.

எச்3-க்கு நியாயமான வேலையும் உண்டு. ருய் லோபஸில் வெள்ளை 9ஆவது நகர்த்தலில் அதை ஆடுவது, அடுத்து டி4 தள்ளும்போது ஜி4-க்கு பிஷப் வந்து தொல்லை தரக்கூடாது என்பதற்காக. கடைசி வரிசையில் யானை இறங்கிச் செக்மேட் ஆகாதபடி ராஜா ஒதுங்க ஒரு கட்டமும் கிடைக்கிறது.

செவ்வாய்

இன்று நஷ்டக் கணக்கு. சிப்பாய் பின்னால் வராது. காஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால் எச்6-ல் சிப்பாய் நின்றால், வெள்ளை ஜி4, ஜி5 என்று வந்து அதில் முட்டலாம். ராஜாவுக்கு எதிரே பாதை திறந்துவிடும். எச்7-லேயே இருந்தால் ஜி5 வந்தாலும் முட்ட ஆள் இல்லை. பிஷப்பை எச்6-ல் பலி கொடுத்து மறைவைக் கிழிக்கும் வாய்ப்பும் அந்த ஒரு கட்டத் தள்ளலால் வருவதுதான்.

புதன்

பையன்களுக்கு 1958 போர்ட்டோரோஸ் ஆட்டத்தைக் காட்டினேன். 15 வயது பாபி ஃபிஷர் வெள்ளை, பென்ட் லார்சன் கறுப்பு, சிசிலியன் டிராகன். ஃபிஷரின் ராஜா ராணிப் பக்கம், லார்சனுடையது எதிர்ப்பக்கம். 17இல் எச்4, 18இல் எச்5, 19இல் ஜி6-ல் வெட்டு. எச் ஃபைல் திறந்தது. 20இல் லார்சனும் ஏ5 தள்ளினார். அடுத்து ஏ4 வந்தால் பி3 பிஷப்புக்கு ஆபத்து. அது வருவதற்குள் 22இல் எச்5-ல் இருந்த குதிரைக்கு யானையையே கொடுத்தார் ஃபிஷர். 31ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

இரண்டு ஓரச் சிப்பாய்களும் ஓடின. ஒன்றுக்கு முட்ட ஜி6 சிப்பாய் இருந்தது, பின்னால் எச்1 யானையும் இருந்தது. மற்றது கிளம்பும்போதே நேரம் கடந்துவிட்டது.

வியாழன்

2017இல் ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு நிரலோடு ஆடிய ஆட்டங்கள் இந்தச் சிப்பாயின் மதிப்பையே உயர்த்திவிட்டன. ஃபைலைத் திறக்காமலேயே எச்6 வரை ஓட்டி அங்கேயே நிறுத்துவது ஆல்ஃபாஜீரோவின் பழக்கம். கறுப்பு ராஜாவுக்கு ஜி7-ம் போச்சு. இறுதியாட்டம் வரை கடைசி வரிசைக் கவலை தீராது. இப்போது ஜி6 ஆடியவருக்கு எதிராக மூன்றாவது நகர்த்தலிலேயே எச்4 ஆடுகிறார்கள் பெரிய ஆட்டக்காரர்கள்.

வெள்ளி

அதே சிப்பாய் கடன்காரனாகவும் மாறும். காரோ-கானில் எச்4, எச்5 என்று தள்ளி பிஷப்பை எச்7-க்கு விரட்டுகிறோம். கறுப்புக்கு இடநெருக்கடிதான். ஆனால் ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு எச்5 தனியாக நிற்கும். அதைக் காக்க ஒரு காய் காவல் நிற்க வேண்டியிருக்கும்.

கடைசியில் ஓரச் சிப்பாய் மட்டும் மிஞ்சினால் இன்னும் சங்கடம். எதிராளி ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் டிரா. கூடவே ஒரு பிஷப் இருந்தாலும், எச்8 கறுப்புக் கட்டம் என்பதால் வெள்ளைக் கட்ட பிஷப்பால் பயனில்லை.

சனி

வகுப்புப் பலகையில் மூன்று கேள்விகள் எழுதிவைத்தேன். நடுக்களம் அடங்கியிருக்கிறதா? முட்டுவதற்கு எதிரே சிப்பாய் இருக்கிறதா? என் ராஜா எந்தப் பக்கம்? தாக்கத் தள்ளுவதென்றால் மூன்றுக்கும் பதில் வேண்டும். தடுக்க ஒரு கட்டம் நகர்த்துவதென்றால், எந்தக் காயைத் தடுக்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் ஓரச் சிப்பாயைத் தொடாதீர்கள்; வெளியே வராத குதிரையோ பிஷப்போ இருக்கும், அதை எடுங்கள்.