பிடியும் விடுதலும்

பக்கவாதத்தில் பழுதுறுவது கையன்று. அதனை ஏவும் மூளைப்பகுதியே. பலருக்குப் பொருளைப் பற்றுதலினும் விரல் விரித்து விடுதலே அரிதாகிறது. அதற்குத் துணைபுரிவது மின்தூண்டல் சிகிச்சை. முன்கையின் மேற்புறத்தில் ஒட்டிய தகடுகள் வழியே மெல்லிய மின்துடிப்பு செல்ல, மடங்கிய மணிக்கட்டும் விரல்களும் நிமிர்கின்றன. 1961-இல் அமெரிக்காவில் லைபர்சன் குழுவினர் தொங்கிய பாதத்தை நடைக்கேற்ப உயர்த்திக் காட்டியதும் இந்நெறியாலேயே. ஆயினும், துடிப்பு வரும் கணத்தில் நோயாளரும் தாமே விரிக்க முயலுதல் வேண்டும். இதய முடுக்கி பொருத்தியோர் மருத்துவரைக் கேளாது இதனை நாடலாகாது.

ஊரிலிருந்து மைசூருக்கு எம்மோடு வாழவந்த தந்தையாருக்கு இச்சிகிச்சை நடந்தது. துடிப்பு வருந்தோறும் பயிற்சியாளர் கன்னடத்தில் "பிடி" என்பார். அம்மொழியில் அது 'விடுங்கள்' எனப் பொருள்படும். கன்னடம் அறியாத தந்தையாரோ விரல்களை மேலும் இறுக்கினார்! அன்றுமுதல் நாங்கள் அருகிருந்து, "அப்பா, விடுங்கள்" என்று தமிழில் சொல்லலானோம். மூன்றாம் மாதம், பற்றிய தம்ளரைத் தாமே மேசைமீது வைத்து விரல் விரித்தார்.

இயந்திரம் நாள்தோறும் சிறுபொழுதே உதவும். ஏனைய பொழுதெல்லாம் முயலத் தூண்டுவது இல்லத்தார் குரலே. அயலூரில் வாழும் நம் குடும்பங்களில் அக்குரல் தாய்மொழியில் ஒலிக்கட்டும்.