இன்றைக்கு ஓர் ஓமர்



துக்கத்தில் இருப்போருக்கு இரவைவிடக் காலையே கடினமானது. இரவில் களைப்பு எப்படியோ கண்களை மூடிவிடும். கண்விழிக்கும் கணத்திலோ, உறக்கத்தில் மறந்திருந்த இழப்பு முதல்முறை கேட்ட செய்திபோல் மீண்டும் வந்து நிற்கும். என் துணைவியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்வந்த மாதங்களில் இதை அறிந்துகொண்டேன். காப்பிக்கு இரண்டு டம்ளர்களை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்த காலைகள் பல உண்டு.

அந்நாட்களில் என்னைத் தாங்கிய வேதபகுதி புலம்பல் மூன்றாம் அதிகாரம். தேவனுடைய இரக்கம் ஒவ்வொரு விடியலிலும் புதிதாய் நம்மிடம் வருகிறது என்று அதன் 22, 23ஆம் வசனங்கள் அறிக்கையிடுகின்றன. இவ்வசனங்களை நாள்காட்டிகளில் சூரியோதயப் படத்தின்மேல் அச்சிட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவை எழுந்த இடம் அப்படி அழகானதல்ல. பாபிலோனியரின் கையில் எருசலேம் வீழ்ந்திருந்தது, ஆலயம் எரிந்துபோயிருந்தது, குழந்தைகள் பசியால் வீதிகளில் மயங்கிக் கிடந்தனர். இடிபாடுகளின் நடுவில் நின்ற ஒருவருடைய அறிக்கை அது.

அந்த நூலின் அமைப்பையும் கவனியுங்கள். அதில் ஐந்து பாடல்கள் உள்ளன. முதல் நான்கும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பின்பற்றுபவை. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். நம்பிக்கையின் அறிக்கை அதன் முடிவில் வரவில்லை; மூன்றில் ஒரு பங்கு கடந்தவுடனே வந்துவிடுகிறது. அதன்பின் 48, 49ஆம் வசனங்களில் அதே மனிதரின் கண்ணீர் ஓயாமல் ஓடுகிறது. ஆகவே, அழுகை தீர்ந்த பிறகுதான் கர்த்தரின் அன்பு நம்மிடம் வரும் என்பதில்லை. அழுதுகொண்டே கண்விழிப்பவரின் விசுவாசம் குறைவுபட்டது என்றும் எவரும் எண்ண வேண்டாம்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா அருளப்பட்ட விதமும் இதையே கற்பிக்கிறது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் ஓமர். வெயில் ஏறினால் தரையில் எஞ்சியது உருகிவிடும். ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் சேர்த்ததைத் தவிர, மறுநாளுக்கு வைத்தது புழுத்துப்போகும். நாற்பது ஆண்டுகளின் உணவைத் தேவன் ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. ஒவ்வொரு காலையும் அவர்கள் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து அவருடைய கையையே நோக்க வேண்டியிருந்தது.

இனிவரும் ஆண்டுகளைத் தனியே எப்படிக் கடப்பேன் என்ற என் கேள்விக்கு எந்தக் காலையிலும் விடை கிடைக்கவில்லை. ஆயினும் அன்றைய நாளுக்கான பெலன் கிடைத்தது. ஒரு நாள் மருத்துவமனையில் ஒருவருக்காக ஜெபிக்க. ஒரு நாள் ஒரு திருமணத்தை நடத்திவைக்க. ஒரு நாள் எழுந்து குளித்து உண்ண மட்டும். ஒவ்வொன்றும் ஓர் ஓமர்.

பிரியமானவர்களே, நாளைக் காலை கைப்பேசியை எடுக்குமுன் படுக்கையிலேயே சற்று அமர்ந்திருங்கள். அந்த நாளில் உங்களை அச்சுறுத்தும் ஒரு காரியத்தைப் பெயர்சொல்லி ஆண்டவரிடம் ஒப்புவியுங்கள். அதற்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். மனம் உடனே இலகுவாகாமல் போகலாம். நீங்கள் விழிப்பதற்கு முன்பே மன்னா கூடாரத்தைச் சுற்றிலும் விழுந்திருக்கிறது. வெளியே வந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, இந்த ஒரு நாளுக்கான கிருபையை எங்களுக்குத் தாரும். கண்ணீரோடு விழிக்கும் உம்முடைய பிள்ளைகளின் அருகில் இன்று காலையும் இரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.