நான்கு உலாவிகள், ஒரு சாட்சி

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் பொய்யான அடிக்குறிப்பு ஒன்றை எழுதினேன். அறிந்து எழுதவில்லை, ஆயினும் பொய் பொய்தான். ஆய்வுப் பணியிலிருக்கும் இளைய நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை இங்கே பதிவுசெய்கிறேன்.

ஐதராபாத்தில் தங்கி, 1876–78 பெரும் பஞ்சத்தின்போது பெல்லாரிப் பகுதியில் நடந்த நிவாரணப் பணிகளை ஆராய்ந்து வருகிறேன். அன்று பெல்லாரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனக்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதியை ஓர் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில்தான் படித்து வந்தேன். இயலை நெறியாளருக்கு அனுப்பவேண்டிய வாரத்தில் அத்தளம் திறக்கவில்லை. 'இத்தளத்தை அணுக இயலவில்லை' என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது.

சோதிக்காமல் இருந்துவிடவில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், ஓபரா என நான்கு உலாவிகளில் முயன்றேன். அவற்றின் தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். விடுதியின் வைஃபையை விட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தும் பார்த்தேன். நான்கு நாட்கள் இதே நிலை. ஐந்தாம் நாள், 'இக்காப்பகத்தின் தளம் தற்போது செயல்பாட்டில் இல்லை' என்று அடிக்குறிப்பிட்டு இயலை அனுப்பிவிட்டேன்.

அப்படி நம்புவதற்கு முகாந்திரமும் இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புரைகளில் சுட்டப்பட்ட இணைய இணைப்புகளில் 50 விழுக்காடு, சுட்டிய தகவலை இப்போது தருவதில்லை என்று ஜொனதன் சிட்ரெய்னும் லாரன்ஸ் லெசிக்கும் கெண்ட்ரா ஆல்பர்ட்டும் 2014-இல் எழுதியதைப் படித்திருந்தேன். அந்தப் பட்டியலில் என் காப்பகமும் சேர்ந்துவிட்டது என்று எண்ணினேன்.

அன்றிரவு, பக்கத்து அறையில் தங்கியிருக்கும் கணினியியல் ஆய்வு மாணவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். திருநெல்வேலிக்காரர். "தளம் போய்விட்டது என்று யார் அண்ணா சொன்னது?" என்றபடி தம் கைப்பேசியில் அதைத் திறந்து காட்டினார். அதே விடுதி வைஃபையில்தான்.

பிறகு அவர் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். கைப்பேசியில் திறப்பதால் தளம் உயிருடன் இருக்கிறது; வைஃபையிலும் குறையில்லை. என் மடிக்கணினியிலோ எந்த இணைப்பிலும் திறக்கவில்லை. எனவே குறை மடிக்கணினியோடுதான் பயணம் செய்கிறது. அடுத்து இரண்டு கட்டளைகளை இட்டார். டிஎன்எஸ் சேவையகத்தை நேரடியாக வினவும் 'என்எஸ்லுக்கப்' ஓர் ஐபி முகவரியைத் தந்தது. 'பிங்' வேறொரு முகவரிக்குச் சென்றது. "நடுவில் யாரோ வழியை மாற்றிவிடுகிறார்கள் அண்ணா" என்றார்.

அந்த 'யாரோ' நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தளம் சேவையகம் மாறியபோது, புதிய முகவரி எங்கள் விடுதி இணைப்புக்கு வந்துசேரத் தாமதமாயிற்று. நண்பர் ஒருவர் சொன்னபடி, கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பில் தளத்தின் பெயரையும் புதிய முகவரியையும் என் கையாலேயே எழுதிவைத்தேன். பிறகு மறந்தும் போனேன். டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே கணினி அக்கோப்பைப் பார்த்துவிடும். இப்போது தளம் மீண்டும் சேவையகம் மாறியிருக்கிறது; என் கணினி மட்டும் காலிசெய்யப்பட்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை நீக்கியதும் தளம் திறந்தது.

எனக்கு உறுத்தியது கணினி அறியாமையன்று. ஒரே அறிக்கையைப் பார்த்து எழுதப்பட்ட நான்கு மாவட்டக் குறிப்புகளை நான்கு சான்றுகளாகக் கொள்ளக்கூடாது என்று முதுகலை மாணவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரே கணினியில் திறந்த நான்கு உலாவிகளை மட்டும் எப்படி நான்கு சாட்சிகளாக எண்ணினேன்? 'அணுக இயலவில்லை' என்று கணினி சொன்னதை 'இல்லை' என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்தபோதுகூட அதன் தரவுகள் எங்கும் போய்விடவில்லை. அவற்றை அடையும் வழிகள்தாம் இணையத்திலிருந்து நீங்கியிருந்தன.

அந்த அடிக்குறிப்பு அச்சேறியிருந்தால், பின்னால் வரும் ஒருவர் அதை நம்பி அந்த ஆவணங்களைத் தேடாமலே விட்டிருக்கலாம். மறுநாள் காலை நெறியாளருக்கு உண்மையை எழுதி, திருத்திய இயலை அனுப்பினேன்.

இப்போது ஒரு தளம் திறக்கவில்லையென்றால், முதலில் வேறொரு கருவியில், வேறொரு இணைப்பில் பார்க்கிறேன். பிறகு வேறு ஊரிலிருக்கும் நண்பர் ஒருவரைத் திறந்துபார்க்கச் சொல்கிறேன். மேற்கோள் காட்டும் பக்கங்களை வேபேக் மெஷினில் சேமித்து, பார்த்த நாளையும் குறிக்கிறேன். தளம் உண்மையிலேயே மறையும் நாளும் வரலாம். அன்று அதைச் சொல்ல, ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகளாவது என்னிடம் இருக்கவேண்டும்.