சட்டைப்பையில் ஒரு பெரிய நெகட்டிவ்

1979இல் ஒலிம்பஸ் நிறுவனம் எக்ஸ்ஏ என்றொரு கமராவை வெளியிட்டது. யொஷிஹிசா மைதானி வடிவமைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், முன்மூடியை விரலால் நகர்த்தினால் லென்ஸ் வெளிப்படும், மூடினால் சட்டைப்பைக்குள் போய்விடும். அதற்குள் இடப்பட்ட பிலிமின் ஒவ்வொரு சட்டகமும் 36க்கு 24 மில்லிமீற்றர். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்த கனத்த நிக்கோன்களின் சட்டகமும் அதே 36க்கு 24தான். லென்ஸ் வேறுபடலாம், வேகம் வேறுபடலாம். 35 மி.மீ. பிலிம் இட்ட கமராக்களில், ஒளி விழும் பரப்பைப் பொறுத்தவரை, சிறியது பெரியது என்ற பேதம் பெரும்பாலும் இருக்கவில்லை.

டிஜிட்டல் வந்தபோது இந்தச் சமத்துவம் சத்தமில்லாமல் பறிபோனது. 2000களின் நடுப்பகுதியில் நம்மில் பலர் வாங்கிய சிறு டிஜிட்டல் கமராக்களின் சென்சர் ஏறத்தாழ 5.8க்கு 4.3 மில்லிமீற்றர். சிறுவிரல் நகத்திலும் சிறியது. பிலிம் சட்டகத்தின் பரப்பில் 35இல் ஒரு பங்கு. அந்தக் குறையை எவரும் விளம்பரப்படுத்தவில்லை. மெகாபிக்சல் கணக்கைத்தான் ஆண்டுக்காண்டு உயர்த்திக் காட்டினார்கள். 2008இல் 14.7 மெகாபிக்சலோடு ஜி10ஐ வெளியிட்ட கனன் நிறுவனம், அடுத்த ஆண்டு ஜி11இல் அதை 10ஆகக் குறைத்தது. பின்வாங்குவதைக் கூட மறைக்காமல் செய்த அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது.

போர்க்காலக் கொழும்பில் செய்தி சேகரித்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல. பெரிய கமராவோடு வீதியில் இறங்கினால் சோதனைச் சாவடிக்குச் சாவடி விளக்கம் சொல்லவேண்டும். சிறிய கமராவுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பொழுது சாய்ந்தபின் அது தரும் படத்தில் முகங்கள் இருக்காது. முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணப் புள்ளிகளின் கொதிப்பு இருக்கும்.

பெரிய சென்சரைச் சிறிய உடலுக்குள் வைக்கும் முயற்சிகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. 2008இல் சிக்மா டிபி1, 2009இல் லைக்கா எக்ஸ்1, 2011இல் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100. 2012இல் சோனி ஆர்எக்ஸ்1 முழுச்சட்டக அளவையே, அதாவது பழைய 36க்கு 24ஐயே, கையடக்கமான ஓர் உடலுக்குள் திரும்பக் கொண்டுவந்தது. 2013இல் வந்த ரிக்கோ ஜிஆர் உண்மையிலேயே சட்டைப்பைக்குள் போனது.

எனக்கு இவற்றை ஒழுங்காகச் சோதிக்கும் வேலை அண்மையில்தான் வாய்த்தது. ரொரன்ரோவில் இருக்கும் நண்பர் ஒருவர், கொட்டாஞ்சேனையில் தனியே வசிக்கும் தம் தாயாரைப் பார்க்க வரவிருக்கிறார். அம்மாவுக்கு 82 வயது. "கைத்தொலைபேசி போதுமா, அல்லது இந்தப் பெரிய சென்சர் கமராக்களில் ஒன்றை வாங்கவா?" என்று கேட்டார். எப்படியும் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள கணக்கு எனக்குத் தெரியும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் இருந்த அவர்களுடைய வீடு எரிந்தபோது அல்பங்கள் எல்லாம் போயின. பாட்டியின் படம் ஒன்றே ஒன்று மிஞ்சியது, அதுவும் ஊரிலிருந்த சித்தியிடம் நெகட்டிவ் இருந்ததால். அந்த 24க்கு 36 நெகட்டிவிலிருந்துதான் இன்று சுவரில் மாட்டியிருக்கும் பெரிய படம் வந்தது. பாட்டியின் மூக்குத்திக் கல் தெரிகிறது. ஆனால் 2005இல் சிறு டிஜிட்டல் கமராவில் எடுத்த அப்பாவின் படத்தை அதே அளவுக்குப் பெருப்பித்தால், தண்ணீர் பட்ட வர்ணம்போல் கரைந்துவிடுகிறது. ஒரே சுவரில் பாட்டி தெளிவாகவும், அவருக்குப் பல ஆண்டுகள் பின்னால் படமெடுக்கப்பட்ட மகன் மங்கலாகவும் இருக்கிறார்கள்.

ஆகவே மூன்றை எடுத்துக்கொண்டேன். என்னிடமுள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர் கொண்ட கமரா ஒன்று, இரவல் வாங்கிய ஒரு அங்குல வகைக் கமரா ஒன்று, மூன்றாவது, கைத்தொலைபேசி. ஒரு அங்குலம் என்பது பெயர் மட்டுமே. உண்மையில் அச்சென்சர் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.6க்கு 15.7, பரப்பில் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். கமராக்களின் மாதிரிப் பெயர்களை இங்கே தரப்போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரு கமராவின் குணம் அல்ல, அளவின் குணம்.

முதற் சோதனை வெள்ளவத்தை மரைன் டிரைவில், மாலை ஆறு மணியளவில். ரயில் பாதைக்கு அப்பால் பாறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் சூரியன். வானத்தின் நிறம் வெளுத்துப் போகாதபடி ஒளியளவை வைத்து, ரோ கோப்பாக எடுத்து, பின்னர் கணினியில் நிழற்பகுதியை 16 மடங்கு உயர்த்திப் பார்த்தேன். கடுமையான சோதனைதான். ஏபிஎஸ்-சி கோப்பில் பாறையில் இருந்தவரின் சட்டைக் கோடுகள் வெளிவந்தன. ஒரு அங்குலத்தில் கோடுகள் இருந்தன, ஆனால் புழுதி பூசினாற்போல். தொலைபேசி தானாகவே பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து அழகான ஒரு காட்சியைத் தந்தது. திரையில் பார்த்தால் அதுவே வென்றது என்பீர்கள். 18 அங்குல அகலத்தில் அச்சிட்டுப் பார்த்தேன்: கடந்துபோன ரயிலின் யன்னல்களுக்கு இரட்டை விளிம்பு, கடல் நுரை பஞ்சுபோல்.

செய்தித்தாளுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். எட்டு அங்குல அகலப் படத்துக்கு 20 இலட்சம் பிக்சல் தாராளம். மிச்சத்தைச் செய்தித்தாள் உறிஞ்சிவிடும். சுவர்ப் படம் வேறு.

இரண்டாவது சோதனைக்கு முதலில் நினைத்தது கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய அந்தக் கோயிலின் உள்ளிருட்டும் விளக்கொளியும் எந்தச் சென்சரையும் திணறடிக்கும். ஆயினும் கும்பிட வந்தவர்களுக்கு நடுவே கமராக்களை மாற்றி மாற்றிச் சோதிப்பது எனக்கு ஒப்பவில்லை. நண்பரின் தாயாரிடமே போனேன். சுவாமி அறையில் குத்துவிளக்கு மட்டும். எஃப் 2.8, முப்பதில் ஒரு செக்கன், ஐஎஸ்ஓ 6400. ஒவ்வொன்றிலும் பல படங்கள். "எத்தினை தரமடா தம்பி எடுப்பாய்? விளக்கில எண்ணெய் முடியப் போகுது" என்றார்.

ஒளி துளித்துளியாக வருவது. நூறு துளி வரவேண்டிய இடத்தில் பத்து கூடலாம், குறையலாம்; பத்தாயிரம் வரவேண்டிய இடத்தில் நூறுதான் கூடிக் குறையும். முன்னையது பத்து வீதத் தடுமாற்றம், பின்னையது ஒரு வீதம். பெரிய சென்சரின் இரகசியம் இவ்வளவுதான். விளக்கொளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் விளக்கின் சுடரில் நீல ஒளி மிகச் சொற்பம். நமது மாநிறத் தோல் அந்தச் சொற்பத்திலும் சிறு பகுதியையே திருப்பி அனுப்பும். ஆகவே நமது முகங்களில் இரைச்சல் புகுவது முதலில் நீலத்தில். கமராவின் உள்மென்பொருள் அந்த இரைச்சலை அழிக்கப் புறப்பட்டு, கூடவே சுருக்கங்களையும் அழிக்கிறது. கமரா தானே செய்த ஜேபெக் படத்தில் அம்மாவின் கன்னம் மெழுகாகியிருந்தது. நெற்றித் திருநீற்றின் மூன்று குறிகள் ஒரே பூச்சாகியிருந்தன. அதே ஏபிஎஸ்-சி கமராவின் ரோ கோப்பை, இரைச்சல் நீக்கத்தை ஏறக்குறைய அணைத்துவைத்து நானே செப்பனிட்டபோது மணல்போல் புள்ளிகள் தெரிந்தன. அந்த மணலுக்குள் மூன்று குறிகளும், மோவாயில் உள்ள பழைய தழும்பும் இருந்தன. புள்ளிகள் இல்லாத மெழுகைவிடப் புள்ளிகள் உள்ள முகமே மேல் என்பது என் கட்சி.

இதை ஆய்வுகூட அட்டைகள் சொல்லமாட்டா. நிறச் சோதனைக்குப் பரவலாகப் பயன்படும் 24 கட்ட அட்டையில் கருந்தோலுக்கு ஒரேயொரு கட்டம், அதுவும் சீரான வெளிச்சத்தில்.  கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்களே அளவுகோலாக இருந்தார்கள். 1944இல் மறைந்த நம் லயனல் வென்ட் தம் படங்களைத் தாமே இருட்டறையில் அச்சிட்டவர். அவருடைய படங்களில் கருத்த உடல்கள் ஒளிர்வதைப் பார்த்தவர்களுக்கு, முடிவைக் கருவியிடம் விடக்கூடாது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. 'பெரிய சென்சர்' என்ற சொல்லைக் கண்டதும் பணத்தை எண்ணாதீர்கள். லென்ஸின் திறப்பையும் பாருங்கள். எஃப் 1.8 லென்ஸ் உள்ள ஒரு அங்குலக் கமரா, எஃப் 2.8 லென்ஸ் உள்ள ஏபிஎஸ்-சி கமராவுக்குக் கிட்டத்தட்ட ஈடுகொடுக்கும். கணக்குப் பார்த்தால் பின்னையதற்கு மொத்த ஒளி 1.3 மடங்குதான். ஆனால் ஒரு அங்குலக் கமராவில் அந்த 1.8 பெரும்பாலும் அகலக் கோணத்தில் மட்டுமே. முகத்தை நெருக்கமாக எடுக்க ஸூம் செய்தால் திறப்பு சுருங்கும், அனுகூலம் போய்விடும்.

நண்பருக்கு ஏபிஎஸ்-சி அளவு, நிலையான லென்ஸ், பழையதாயினும் பரவாயில்லை என்று எழுதினேன். ரோவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியட்டும். காலையில் யன்னலோரம் எடுத்தால் ஐஎஸ்ஓ 400இலேயே முடிந்துவிடும். கொழும்பின் உப்புக்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் பையில் இருக்கட்டும். விளக்கொளிப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் இரண்டு பிரதி அச்சிட்டுவிட்டேன். ஒன்று கொட்டாஞ்சேனையில், பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்றது ரொரன்ரோவுக்குத் தபாலில் போயிருக்கிறது.