பீன்யாவாசிகள் மீண்டும் நாடும் உணவு விடுதிகள்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தோர் முதலில் தேடுவது தங்குவதற்கு ஓர் அறை. அதற்கடுத்துத் தேடுவது வாய்க்கும் வருவாய்க்கும் ஒத்த ஓர் உணவு விடுதி. பெங்களூரின் வடமேற்கே, துமகூர்ச் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் பீன்யாத் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் யாவும் இதனை நன்கறியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருப்பத்தூர் முதலிய பக்கங்களிலிருந்து கடைசல் பட்டறைக்கும் வார்ப்படச் சாலைக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும் வந்தவர்கள், குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் வரையில் கடைச்சோற்றையே நம்பி வாழ்ந்தவர்கள். குடும்பம் வந்த பின்னரோ, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியிலிருந்து ஓய்வு தருவது கடமையென்று கருதுபவர்கள். ஆகவே உணவு விடுதியைப் பற்றி எழுதுவதை வெறும் நாக்கின் சபலம் என்று எவரும் தள்ளிவிட வேண்டா.

பெயர்பெற்ற விடுதிக்கு ஒரு முறை செல்வது எளிது. பிறர் சொல்லக் கேட்ட ஆவல் ஒன்றே அதற்குப் போதும். மறுமுறையும் அவ்விடத்திற்கே கால்கள் செல்கின்றன என்றால், அதற்குக் காரணம் வேறாக இருத்தல் வேண்டும். அக்காரணம் யாது என்பதையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

எங்களுக்கு இவ்வகையில் பெருந்துணை செய்தது மெட்ரோ ரயிலே ஆகும். 2014 மார்ச்சு 1ஆம் நாள் சம்பிகே சாலையிலிருந்து பீன்யாத் தொழிற்பேட்டை வரையில் பச்சை வழித்தடம் திறக்கப்பட்டது. 2017 ஜூன் மாதத்தில் அது நகரின் நடுவே சென்று தெற்கே எலச்சேனஹள்ளி வரையில் நீண்டது. அதன் பயனாக, யஸ்வந்தபுரத்து நெரிசலில் பேருந்து மாறாமலே மல்லேசுவரத்திற்கும், லால்பாக்கிற்கும், பசவனகுடிக்கும் பிள்ளைகுட்டிகளோடு அமர்ந்து செல்ல முடிகின்றது. பெங்களூரின் புகழ்வாய்ந்த சிற்றுண்டிச் சாலைகளுள் பல இவ்வொரே தடத்தின் அருகில் அமைந்திருப்பது எங்கள் நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

சம்பிகே சாலை நிலையத்தில் இறங்கினால் மல்லேசுவரம். அங்கு 7ஆம் குறுக்குச் சாலையில் உள்ள சி.டி.ஆர். விடுதியின் வெண்ணெய் மசாலா தோசையைத் தின்ற குழந்தைகள் மறுவாரமும் அதனையே கேட்பார்கள். மேற்புறம் பொன்னிறமாய் முறுகியும், உட்புறம் மெத்தென்றும் இருக்கும் தோசை அது. நம் ஊர்களில் மெல்லியதாய்ப் பரப்பிச் சுடுகின்றோம். இங்கோ தடிப்பாய் வார்த்து, ஒரு புறத்தையே நன்றாகச் சிவக்க வைக்கின்றனர். அதே மல்லேசுவரத்தில் 15ஆம் குறுக்குச் சாலைக்கருகில், 1977 முதல் நடைபெறும் வீணா ஸ்டோர்ஸ் என்னும் சிறு கடை உண்டு. அங்கு நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை. தட்டைக் கையில் ஏந்தி நடைபாதையில் நின்றே இட்டிலி உண்ண வேண்டும். இருந்தும் காலையில் அங்குக் கூட்டம் குறைவதில்லை. இருக்கை வசதி ஒரு விடுதிக்கு உயிர்நாடி அன்று என்பதை இக்கடை காட்டுகின்றது.

லால்பாக் பூந்தோட்டத்தின் அருகே எம்.டி.ஆர். எனப்படும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் இருக்கின்றது. உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவர்தம் சகோதரர்களும் 1924இல் தொடங்கிய விடுதி இது. மையா அவர்கள் 1951இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவு விடுதிகள் நடைபெறும் முறையை நேரில் கண்டார். திரும்பி வந்ததும் பாத்திரங்களை நீராவியால் தூய்மை செய்யும் முறையை இங்குக் கொணர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால் ரவையைக் கொண்டு இட்டிலி செய்து பார்த்தனர் என்றும், இன்று நாடெங்கும் வழங்கும் ரவா இட்டிலி அவ்வாறு பிறந்ததே என்றும் இவ்விடுதியார் கூறுவர். நெருக்கடி நிலைக் காலத்தில் உணவுப் பண்டங்களின் விலையை மிகக் குறைக்குமாறு அரசு ஆணையிட்டது. சரக்கின் தரத்தைக் குறைத்து அவ்விலைக்கு விற்பதைவிட விடுதியை மூடிவிடுவதே மேல் என்று துணிந்து மூடினர். பணியாட்களைக் கைவிடாது, பொடி வகைகளையும் கலவை மாவுகளையும் விற்கும் தொழிலில் ஈடுபடுத்தினர். பின்னரே மீண்டும் விடுதியைத் திறந்தனர். நூறாண்டைக் கடந்தும் மக்கள் அவ்வாயிலில் காத்து நிற்பதன் காரணத்தை இவ்வொரு செய்தியே விளக்கிவிடும்.

பசவனகுடியில் காந்தி பஜாரிலுள்ள வித்யார்த்தி பவன் 1943இல் தோன்றியது. மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. ஒருவர் பத்துப் பன்னிரண்டு தோசைத் தட்டுகளைக் கையின்மேல் அடுக்கிக்கொண்டு, ஒன்றும் சரியாமல் மேசைதோறும் பரிமாறி வருவது அங்குக் காணத்தக்க காட்சி. எங்கள் பிள்ளைகள் தோசையை மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்துள்ள சங்கரபுரத்தில் 1965 முதல் இயங்குவது பிராமின்ஸ் காப்பி பார். இட்டிலி, வடை, காரா பாத், கேசரி பாத், காப்பி, தேநீர் என்பவற்றோடு அதன் பட்டியல் முடிந்துவிடும். சாம்பார் கிடையாது, சட்டினி மட்டும் எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். சில பண்டங்களையே செய்வது, அவற்றை என்றும் ஒரே சுவையில் செய்வது என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

இவ்விடத்தில் ஒன்றை மறத்தல் ஆகாது. அந்தப் பெயரைத் தாங்கிய கடையின் முன் இன்று எக்குலத்தாரும் தோளோடு தோள் நின்று உண்கின்றனர். ஆனால் ஒரு காலத்தில் நிலை வேறாக இருந்தது. தென்னாட்டு ரயில் நிலையங்களின் உணவுச் சாலைகளிலேயே பிராமணர்க்கு ஒரு பகுதி, ஏனையோர்க்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருந்தனர். பெரியார் ஈ. வெ. ரா. அவர்களும் நீதிக்கட்சியாரும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1941இல் அவ்வழக்கம் ஒழிந்தது. ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாங்கள் அந்நிலையங்களைக் கடக்கும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்வதுண்டு. 1983இல் ஜயநகரில் தொடங்கி நகரெங்கும் பரவிய 'தர்ஷினி' வகைச் சிற்றுண்டிச் சாலைகளில் முதலாளியும் கூலியாளும் ஒரே உயரப் பலகையில் தட்டை வைத்து நின்றே உண்கின்றனர். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நுழைந்தாலும் எவரும் ஏறிட்டு நோக்காத இடமே எங்களுக்கு மீண்டும் செல்லத்தக்க இடம். முகப்பில் கண்ணாடியும் பளபளப்பும் மிக்க ஒரு விடுதியில், உடையைப் பார்த்து ஓரத்து மேசையைக் காட்டினார்கள். பண்டம் நன்றாகவே இருந்தது. எனினும் அவ்வழியில் நாங்கள் பின்னர்ச் சென்றதில்லை.

சுவையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இந்நகரத்துச் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது நம்மவர்க்குத் தொடக்கத்தில் ஒவ்வாது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள், "இது சாம்பாரா, பாயசமா?" என்று கேட்பது வழக்கம். இங்குப் பிறந்த பிள்ளைகளோ விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "ஏன் பாட்டி, சாம்பார் இவ்வளவு புளிக்கிறது?" என்று கேட்கின்றனர். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கி. கிருஷ்ணராவ் 1938இல் சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கிய பின், அவர் கைப்பக்குவத்தைச் சென்னைவாசிகள் தமதாக்கிக்கொள்ளவில்லையா? அவர்கள் அங்குச் சென்று சமைத்தார்கள். நாம் இங்கு வந்து உண்கின்றோம். கணக்கு நேராகிவிட்டது. "ஊட்ட ஆயித்தா?" என்று கன்னடத்தார் கேட்பதும், "சாப்பிட்டாயிற்றா?" என்று நாம் கேட்பதும் ஒரே அன்பின் இரு சொற்கள் அன்றோ!

இனி விலை. நால்வர் அடங்கிய குடும்பம் ஒரு ஞாயிறு வெளியே சென்று உண்டு, ரயில் கட்டணமும் கொடுத்துத் திரும்பினால், மளிகைக் கணக்கில் ஒரு பகுதி குறைந்துபோகும். ஆகவே எண்ணித்தான் செல்ல வேண்டியிருக்கின்றது. தனியாக இருக்கும் தொழிலாளர்க்கோ நாள்தோறும் இதே கவலை. சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தைப் பின்பற்றி, 2017 ஆகஸ்டு 16ஆம் நாள் பெங்களூரில் இந்திரா கேண்டீன்கள் தொடங்கப்பட்டன. காலைச் சிற்றுண்டிக்கு 5 ரூபாயும், சாப்பாட்டிற்கு 10 ரூபாயும் என்று விலை வைத்தனர். புதிதாய் வந்து, முதற்சம்பளம் கைக்கு வராத இளைஞர்க்கு அந்த 10 ரூபாய்ச் சாப்பாடு எத்தகைய ஆறுதல் என்பதைப் பசித்திருந்தவர்களே அறிவர்.

பெயர்பெற்ற விடுதிகள் இவை. எனினும், பீன்யாவில் எங்கள் தெருமுனையில் பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு மெஸ் இருந்ததைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். அதனை நடத்தியவர் துமகூர்ப் பக்கத்துக் கன்னட அம்மையார். அங்கு மாதக் கணக்கில் உண்ட இளைஞருள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் அவரை 'அக்கா' என்றழைப்பர். கேழ்வரகு முத்தை, சோறு, சாறு, ஒரு பொரியல், மோர்; இவ்வளவே அங்குக் கிடைக்கும். சனிக்கிழமைகளில் நம்மவர்க்கென்று வத்தக்குழம்பு வைக்கவும் அவர் கற்றுக்கொண்டார்.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரி நீர் வழக்கையொட்டி நகரில் கலவரம் மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஊரடங்கு விதிக்கப்பட்ட காவல்நிலைய எல்லைகளுள் பீன்யாவும் ஒன்று. கடைகள் அடைக்கப்பட்டன, அறைகளில் தங்கியிருந்த தமிழ் இளைஞர்கள் விளக்கையும் ஏற்றாமல் அடங்கிக் கிடந்தனர். அன்றிரவு பின்புறச் சந்தின் வழியாக அந்த அம்மையாரின் மகன் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தான். சோறும் மோரும் இருந்தன. "அம்மா கொடுக்கச் சொன்னார்கள், வெளியே வர வேண்டாம் என்றார்கள்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுச் சென்றான். மறுநாளும் அவ்வாறே நடந்தது. மாத இறுதியில் கணக்குப் பார்த்தபோது அவ்விரு நாட்களும் ஏட்டில் எழுதப்படவில்லை. இளைஞர்கள் வற்புறுத்தியபோது, "அது வியாபாரம் அல்ல, தம்பி" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அவர் முதுமையினால் பின்னர் மெஸ்ஸை நிறுத்திவிட்டு ஊருக்குச் சென்றுவிட்டார். அன்று அங்கு உண்டவர்களுள் பலர் இன்று குடும்பத்தோடு வாழ்கின்றனர். துமகூர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால், அவர் வீட்டு வாயிலில் இறங்கி, பழம் கொடுத்து நலம் விசாரித்து வருவதை அவர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். கடை மூடிய பின்னும் மீண்டும் மீண்டும் செல்லத் தோன்றும் உணவிடம் இதுவன்றி வேறொன்றை நாங்கள் அறியோம்.

சுவை மாறாமை, தூய்மை, வருவோரை ஒப்ப நடத்தும் பண்பு, வருவாய்க்கேற்ற விலை ஆகியவற்றுள் எது குறைந்தாலும் ஒரு விடுதிக்கு மறுமுறை செல்ல மனம் வருவதில்லை. இவை நான்கும் அமைந்த இடங்கள் இந்நகரில் இன்னும் பல இருக்கக்கூடும். சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் முதலிய இடங்களில் நெடுங்காலமாக வாழும் அன்பர்கள் தாங்கள் கண்டறிந்த விடுதிகளைப் பற்றி இவ்விதழுக்கு எழுதுவார்களாயின், புதிதாக வரும் குடும்பங்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும். பெரிய விடுதிகளோடு, தங்கள் தெருமுனை மெஸ்ஸையும் அவர்கள் மறவாமல் குறிப்பிட வேண்டுகின்றோம்.