நடக்க ஒரு சாக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு மாதத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். சாக்கு இல்லாமல் மனுஷன் நடக்கமாட்டான்.

நான் சர்வேயராக இருந்தவன். தஞ்சாவூர் ஜில்லாவில் வரப்புக்கு வரப்பு சங்கிலி பிடித்து 34 வருடம் நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அதை 'வாக்கிங்' என்று நினைத்ததில்லை. ஓய்வு பெற்றதும் டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். பள்ளிக்கூட மைதானத்தைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். பதினோராம் நாள் மழை. பன்னிரண்டாம் நாள் மழை இல்லை, ஆனாலும் போகவில்லை.

என் பாட்டி கடைசி வருடம் வரை நடந்தாள். ஆற்றுக்குக் குளிக்கப் போவாள், மாவு மில்லுக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், எந்த வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் போவாள், எழவு விழுந்தாலும் போவாள். நடக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. பிறகு வீட்டுக்குள் குழாய் வந்தது, கிரைண்டர் வந்தது, பால் பாக்கெட்டாக வாசலுக்கே வந்தது. வந்த ஒவ்வொரு சௌகரியமும் போகிற போக்கில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் குறை சொல்லவில்லை. கிரைண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரும் ஆட்டுக்கல்லுக்குத் திரும்பப் போவதில்லை, நான் உட்பட.

2016 ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன். ஹவ்காங் வட்டாரம். ஒரு ராத்திரி, சாப்பிட்டது செரிக்கட்டும் என்று கீழே இறங்கி நடந்தபோது 401ஆம் புளோக் பக்கம் திருவிழாக் கூட்டம். மணி பத்தரைக்கு மேல். விபத்தோ, யாராவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார்களோ என்று பதறிப் போய்ப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் கலவரம் இல்லை. எல்லார் கையிலும் போன். எல்லார் மோவாயும் நெஞ்சில். திடீரென்று யாரோ ஒரு குரல் கொடுக்க, மொத்தக் கூட்டமும் சாலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. ஓடியவர்களில் வண்டி வருகிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். வண்டிகள்தான் அவர்களைப் பார்த்து நின்றன.

வீட்டுக்கு வந்து பேரனிடம் கேட்டேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. "போக்கிமான் கோ தாத்தா! உங்களுக்குத் தெரியாதா?" என்றான், மகாத்மா காந்தியைத் தெரியாதா என்று கேட்கிற தோரணையில். அமெரிக்காவில் அந்த ஆட்டம் ஜூலை 6ஆம் தேதி வந்ததாம். சிங்கப்பூருக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் புளோக் வாசிகள் சத்தம், குப்பை, குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திய கார்கள் என்று புகார் சொன்னது பத்திரிகையிலெல்லாம் வந்தது. வேலைக்குப் போகிறவன் தூங்க வேண்டாமா? புகார் நியாயமானதுதான்.

மறுநாள் பேரன் அவன் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு என்னைக் கீழே கூட்டிப்போனான். செயற்கைக்கோள் சொல்லுகிற இடத்தில், வரைபடத்தின் மேல், நம்மைப் போல ஒரு பொம்மை நிற்கிறது. நாம் நடந்தால் அது நடக்கும். வழியில் ஒரு பிராணி முளைக்கும். கேமராவைத் திறந்தால் அது நம் எதிரில் நடைபாதையிலேயே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். பந்தை வீசிப் பிடிக்க வேண்டும். பந்து தீர்ந்தால் 'போக்கிஸ்டாப்' என்கிற இடங்களுக்கு நடந்து போய் வாங்க வேண்டும். முட்டை கொடுப்பார்கள். அது குஞ்சு பொரிக்க இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டர் என்று நடந்தாக வேண்டும். காரில் போனால் அந்தத் தூரம் கணக்கில் சேராது.

தொழில் புத்தி போகுமா? நான் பிராணியைப் பார்க்கவில்லை, பொம்மையைத்தான் பார்த்தேன். நாங்கள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே அது எழுந்து அரைத் தெரு நடந்துவிட்டுத் திரும்பி வந்தது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும், அளவு பிசகும். எங்கள் காலத்தில் ஒரு சர்வேயர் இப்படி அளந்திருந்தால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்த ஆட்டத்தைச் செய்த நியான்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ஹாங்கி, அடிப்படையில் வரைபடக்காரர். அவருடைய கீஹோல் கம்பெனியை 2004இல் கூகுள் வாங்கியது. அதிலிருந்துதான் கூகுள் எர்த் பிறந்தது. நம் தொழில்காரர் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. போக்கிமானை முதலில் கற்பனை செய்த ஜப்பான்காரர் சடோஷி டஜிரியோ, சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அந்த ஆசைதான் 1996இல் வீடியோ கேமாக வந்தது. இதைப் படித்தபோது பேரனை நன்றாகப் புரிந்தது. நான் பிடித்தது பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் இலை போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, முட்டை வைத்ததா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்ப்போம். பொன்வண்டுக்காக நான் அலைந்த அலைச்சலுக்கு வரம்பே இல்லை. ஒன்று மட்டும் வித்தியாசம். பொன்வண்டு பிடிக்கப் போனவன் பொன்வண்டு எந்த மரத்துக்கு வரும், எந்த மாசத்தில் வரும் என்று கற்றுக்கொண்டு வந்தான். பேரனுக்கு 150 பிராணிகளின் பெயர் தெரியும். பெஞ்சுக்கு மேலே நின்ற மரத்தின் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். இருவருமாக அதன் அடியில் இருந்த பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

பேரன் பள்ளிக்குப் போன பிறகு மகள் தன் பழைய போனில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தேன். மைதானத்தில் பதினோரு நாள் தாங்காதவன், இங்கே இரண்டு மாதம் தாங்கினேன்.

அந்தப் பெஞ்சில்தான் அவர் பழக்கமானார். என் வயசுள்ள சீனர். பனியனும் அரை டிரவுசரும், கையில் இரண்டு போன். என்னை 'அங்கிள்' என்றார். நானும் அவரை 'அங்கிள்' என்றேன். அவருக்கு ஹொக்கியன், மலாய், உடைந்த இங்கிலீஷ். எனக்குத் தமிழும் ஆபீஸ் இங்கிலீஷும். என் பந்து குறி தப்பிப் போவதைப் பார்த்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து எப்படிச் சுண்டுவது என்று காட்டிக் கொடுத்தார். வயது வந்த ஒரு ஆண் என் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது, அட்சராப்பியாசத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு கோப்பிக் கடை. அவர் மனைவி போய் மூன்று வருடமாம். அந்த வார்த்தைக்கு எங்களுக்கு மொழி தடையாக இல்லை.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் முட்டை, 9.8இல் நின்றது. திரையைப் பார்த்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து சாலையில் கால் வைத்துவிட்டேன். சைக்கிளில் வந்த பையன் சறுக்கிக்கொண்டு நிறுத்தினான். தப்பு முழுக்க என்னுடையது. பையன்தான் "சாரி அங்கிள்" என்றான். எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது எங்கள் சங்கிலி ஆள். 1980களில் ஒரு கிராமத்தில் புல வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் பாதை என்று போட்டிருந்த இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். முன்னால் இரண்டடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, எருக்கஞ்செடி மூடியிருந்தது. "காயிதத்தப் பாத்துக்கிட்டே நடக்காதீங்க சார். நின்னு பாருங்க, மடிச்சு வையுங்க, அப்புறம் நடங்க" என்றார். அதற்குப் பிறகு சர்வீஸ் முழுக்க அப்படித்தான் நடந்தேன். அறுபத்து நாலு வயசில் ஒரு கார்ட்டூன் முட்டைக்காக மறந்துபோனேன்.

என் கதையாவது ஒரு பிரேக் சத்தத்தோடு முடிந்தது. அதே ஆகஸ்டில் ஜப்பானின் டோகுஷிமாவில், ஆட்டம் ஆடிக்கொண்டே கார் ஓட்டியவர் மோதி ஒரு பெண் இறந்தார். அக்டோபரில் இச்சினோமியா ஊரில் ஆட்டத்தில் இருந்த லாரி ஓட்டுநர் மோதி ஒன்பது வயதுப் பையன் இறந்தான். என் பேரன் வயசு. அந்தப் பிள்ளை நடந்து போனவன், விளையாடியது ஓட்டுநர். வண்டி வேகத்தில் போகும்போது பிராணிகள் தென்படாமல் நிறுவனம் கட்டுப்பாட்டைக் கூட்டியது அதற்குப் பிறகு.

வரைபடத்துக்கு நிலம் தெரியாது என்பதற்கு அந்த வருடமே எத்தனை சாட்சி! போஸ்னியாவில் போர் முடிந்து இருபது வருடம் ஆகியும் எடுக்கப்படாத கண்ணிவெடி வயல்கள் இருந்தன. பிராணி பிடிக்க அதற்குள் போகாதீர்கள் என்று எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. யூதப் படுகொலை நினைவாக வாஷிங்டனில் இருக்கும் அருங்காட்சியகம், இங்கே விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. நம் குஜராத் உயர் நீதிமன்றத்தில், கோயில்களில் முட்டை காட்டுகிறார்கள் என்று பொதுநல வழக்கே வந்தது. அந்த வழக்கைக் கேட்டு அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. சுடுகாட்டுக்கும் பூங்காவுக்கும் ஒரே நிறம் பூசுகிற வரைபடத்தை எந்த சர்வேயரும் ஏற்கமாட்டார்.

உடம்புக்கு நல்லதா? 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் ஐபோன் எண்ணி வைத்திருந்த காலடிக் கணக்கு. ஆட்டத்தை ஏற்றிய முதல் வாரம் நாளுக்கு 955 காலடி கூடியது. ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. எனக்கு ஆச்சரியமில்லை. என் மைதானத்துக்குப் பத்து நாள், அவர்கள் பிராணிக்கு ஆறு வாரம். சாக்கு எதுவானாலும் ஊசிப்போகும். ஊசிப்போவதற்குள் அது வேறொன்றாக மாறியிருக்க வேண்டும். நான் இரண்டாவது மாதமும் கீழே இறங்கியது பிராணிக்காக இல்லை. அங்கிள் காத்திருப்பார் என்பதற்காக. ஒரு நாள் போன் சார்ஜ் இல்லை. அப்படியே போனேன்.

மாறாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? தைவானில் ஒரு தாத்தா இருக்கிறார், சென் சான்யுவான் என்று பெயர். 2016இல் பேரன் சொல்லிக்கொடுத்தானாம். 2018இல் சைக்கிள் கைப்பிடியில் 11 போன் கட்டிக்கொண்டு சுற்றினார். பிறகு அது அறுபதைத் தாண்டியது. உலகமே படம் பிடித்தது. சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு மனசு இரண்டாக நிற்கிறது. எழுபது வயசில் ஒரு மனிதர் வெளியே வந்து, ஊரே தெரிந்தவராகச் சந்தோஷமாக இருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து மருமகளைக் குறை சொல்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அறுபது திரையை விரித்த மயிலுக்கு எதிரில் வருகிறவர் முகம் எங்கே தெரியும்?

இன்னொன்று, இந்தச் சாக்கு நம்முடையது அல்ல, வாடகைக்கு எடுத்தது. 2020இல் தொற்று வந்தபோது, வீட்டிலிருந்தே ஆடலாம் என்று போக்கிஸ்டாப்பை எட்டும் தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 ஆக்கினார்கள். மறு வருடம் திரும்பக் குறைத்தார்கள். ஆடுகிறவர்கள் சண்டை போட்டதும் பழையபடி 80. 2025இல் இந்த ஆட்டம் உட்பட விளையாட்டுப் பிரிவையே ஸ்கோப்லி என்ற கம்பெனிக்கு 350 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். பாட்டியின் ஆற்றை யாரும் இப்படி விற்கவில்லை (மணலை விற்றார்கள், அது தனிக்கதை). விளையாடியவர்களில் விருப்பப்பட்டவர்கள் சிலைகளையும் சுவர்களையும் சுற்றி வந்து படம் எடுத்துக் கொடுத்ததை வைத்து, கணினிக்கு உலகத்தின் இடங்களைக் கற்றுக்கொடுப்பதாக நியான்டிக் 2024இல் அறிவித்தது. நாங்கள் சம்பளமும் பஞ்சப்படியும் வாங்கிக்கொண்டு அளந்தோம். இவர்கள் சந்தோஷமாக, சும்மா அளந்து கொடுத்திருக்கிறார்கள். யூனியன் வைத்திருக்கலாம்.

பேரனுக்கு இப்போது பதினெட்டு முடிந்து தேசிய சேவைக்குப் போயிருக்கிறான். ஆட்டத்தை விட்டு வருடக்கணக்காகிறது. தூரம் நடக்கும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும், அதிர்ந்தால் ஓரமாக நின்று எடுக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் போட்ட சட்டம் மட்டும் அவனிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மகள் சொல்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்டால் ஏற்றிக் கொடுங்கள். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள், வண்டி வருகிற பக்கம் நீங்கள் நடங்கள். வார் அறுந்த செருப்போடு கிளம்பாதீர்கள். நாலு கிலோமீட்டர் ஆகும்.