மாதம் 600 டாலர் வாடகையில் ஒரு கிரைண்டர்!

ஹாங்காங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? துறைமுகம், வானத்தை முட்டும் கட்டடங்கள், ஜாக்கி சான்... எனக்கு இனிமேல் ஒரு வெட் கிரைண்டர்தான் ஞாபகம் வரும். அதுவும் அசல் கோயமுத்தூர் கிரைண்டர்!

கோவையில் என்னோடு பி.காம். படித்த நண்பன் அங்கே ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். கவ்லூன் பக்கம் ஃபிளாட். 380 சதுர அடியில் அவன், மனைவி, ஒரு பையன், ஒரு பெண். 'அடப் பாவமே' என்று வாயெடுத்தேன். "டேய், நாங்க இங்க வசதியானவங்கடா" என்றான். சும்மா சொல்லவில்லை. ஹாங்காங்வாசிகளை எல்லாம் வீட்டு அளவுப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், தன் பங்குக்கு 16 சதுர மீட்டர் என்பார் (2021 சென்சஸ்). நம் கணக்கில் 172 சதுர அடி. ஒரு ஃபிளாட்டையே தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்களே, அந்தத் தடுப்பு வீடுகளில் தலைக்கு 6 சதுர மீட்டர்தான். நண்பன் இரண்டுக்கும் இடையில் தொங்குகிறான்.

"என் பெட்டியை எங்கேடா வைக்கிறது?"

"பாத்ரூம்ல வை. குளிக்கறப்ப வெளிய எடுத்துக்கலாம்."

அந்த வீட்டில் எதுவும் ஒரு வேலை மட்டும் பார்ப்பதில்லை. கட்டிலைத் தூக்கினால் அடியில் ஸ்வெட்டர்கள். சாப்பாட்டு மேஜை ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரோடு சுவராக மடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பசித்தால் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். வாஷிங் மெஷின் கிச்சன் மேடைக்கு அடியில், அடுப்பும் அதுவும் அண்ணன் தம்பி போல.

நம் வீடுகளில் பரண் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதன் அருமையை அங்கேதான் உணர்ந்தேன். உடைந்த ஃபேன், தாத்தாவின் டிரங்குப் பெட்டி, ஒற்றைச் செருப்பு உட்பட எல்லாம் அங்கே வாடகையில்லாமல் குடியிருக்கின்றன. ஹாங்காங்கில் பரணுக்குத் தனியாக வாடகை கட்ட வேண்டும். அதுவும் பரண் வீட்டில் இருக்காது. ரயில் ஏறிப் போக வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறினோம். இறங்கிய ஸ்டேஷன் பெயர் 'ஙாவ் தாவ் கோக்'. ஙவில் ஆரம்பிக்கும் ஒரு வார்த்தை நமக்கு என்றைக்காவது தேவைப்பட்டிருக்கிறதா? அவர்கள் ஒரு ஊரையே வைத்திருக்கிறார்கள். அர்த்தம், மாட்டுத்தலை மூலை.

சுற்றிலும் அழுக்கேறிய உயரமான தொழிற்கூடக் கட்டடங்கள். 1960, 70களில் துணி, பொம்மை, பிளாஸ்டிக் பூ என்று உலகத்துக்கே ஏற்றுமதி செய்த ஏரியா இது. 1978-க்குப் பிறகு சீனா கதவைத் திறந்தது. சம்பளமும் இடமும் மலிவென்று முதலாளிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். தளம் தளமாகக் காலியான இடத்தில் முளைத்தவைதான் இந்த 'மை நேய் ச்சோங்'. ச்சோங் என்றால் கிடங்கு. மை நேய்? வேறொன்றுமில்லை, நம்ம 'மினி'யைச் சீன நாக்கில் சொல்கிறார்கள். ஆக, மினி கிடங்கு.

சரக்கு லிஃப்டில் ஏறினோம். நண்பன் கார்டைத் தேய்த்தான், கதவு திறந்தது. நீளமான காரிடார், ஏ.சி. குளிர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தகரக் கதவுகள், நம்பர், பூட்டு. மார்ச், ஏப்ரலில் அந்த ஊரில் சுவரே வியர்க்கும்; துணியும் தோலும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் இருபத்து நாலு மணி நேரமும் இந்த ஏ.சி. (மனிதன் வீட்டில் ஃபேன் போட்டுக்கொள்கிறான், அவன் சூட்கேஸுக்கு ஏ.சி.!) அறைகள் இரண்டு அடுக்கு. ஏணி போட்டு ஏற வேண்டிய மேல் அறைக்கு வாடகை குறைச்சல். சாப்பாட்டுச் சாமான், தீப்பிடிக்கும் பொருள் கூடாது. குடியிருக்கவும் கூடாது என்று போர்டு. அளவைப் பார்த்தால் அந்த போர்டுக்கு அவசியம் இருப்பது புரிகிறது.

நண்பனின் அறை 16 சதுர அடி. பையனின் பழைய சைக்கிள், இரண்டு சூட்கேஸ், கல்யாண ஆல்பம், எங்கள் காலேஜ் 'காஸ்ட் அக்கவுண்டிங்' புத்தகம். தேவையில்லாத சரக்கைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு நஷ்டம் என்று ஒரு அத்தியாயமே அதில் உண்டு. அத்தியாயத்துக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறான்.

எல்லாவற்றுக்கும் பின்னால் பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது, டில்டிங் கிரைண்டர். பேத்தி பிறந்தபோது அவன் அம்மா கப்பலில் வரவழைத்தது. ஓடினால் பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவாராம். அம்மா கவலைப்படாமல் பதினொரு மணி காலை நேரமாகப் பார்த்து அரைப்பாராம். 2015 கடைசியில் அம்மா கோவையில் தவறிவிட்டார். 2016 பிப்ரவரியில் இவன் இந்த அறையை எடுத்தான்.

அந்த வருஷம் ஜூன் 21-ம் தேதி இதே ஙாவ் தாவ் கோக்கில் வேறொரு பழைய கட்டடத்தில், இதே மாதிரி ஒரு மினி கிடங்கில் தீ. 1973-க்கு முந்தைய தொழிற்கூடங்களுக்கு அப்போது தண்ணீர் தெளிப்பான் கட்டாயமாக இருக்கவில்லை. உள்ளே ஜன்னல் மறைந்த சந்துகள். எந்தப் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தீயணைப்பு வீரர்கள் புகையில் தடவித் தடவி ஒவ்வொரு தகரக் கதவாக அறுத்துத் திறந்தார்கள். 108 மணி நேரம் எரிந்தது. நாலரை நாள்! இரண்டு வீரர்கள் இறந்துபோனார்கள். இருவரும் நாற்பதைத் தொடாதவர்கள்.

உள்ளே ஆளே மாட்டிக்கொண்டிருக்கவில்லை, சாமானுக்காகவா இவர்களை உள்ளே அனுப்பினீர்கள் என்று ஊரே கேட்டது. கேட்கத்தானே வேண்டும்?

"முதல் நாள் போலீஸ் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன்டா. பக்கத்துக் கட்டடம் தப்பிக்குமா, கிரைண்டர் என்ன ஆகுமோன்னு அதே நெனப்பு. அப்புறம் அவங்க போயிட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு. சோறு எறங்கல" என்றான் நண்பன். காரிடார் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தீக்குப் பிறகு அரசாங்கம் கிடங்கு கிடங்காகச் சோதனை போட்டது. சந்துகளை அகலமாக்கு, ஜன்னலை மறைக்காதே என்று நோட்டீஸ். நல்ல காரியம். ஆனால் சந்து அகலமானால் அறைகள் குறையும். குறைந்தால்..? சப்ளை, டிமாண்ட் நீங்களும் படித்திருப்பீர்கள்.

இப்போது 600 டாலர் வாடகையை 750 ஆக்குவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அவன் மனைவி என்னிடம் முந்தின நாளே வழக்கு வைத்திருந்தார். "ஏனுங்ண்ணா, நீங்களும் கணக்குப் படிச்சவங்கதானே, இவருக்குச் சொல்லுங்க. இதைக் காலி பண்ணுனா புள்ளைக்கு டியூஷன் ஃபீஸ் கட்டலாமில்லீங்க?"

பேப்பரில் போட்டுக் காட்டினேன். வருஷம் 7,200. ஒன்பது வருஷத்துக்கு 64,800. ஒரு ஹாங்காங் டாலர் சுமார் 11 ரூபாய் என்றால் ஏழு லட்சத்துக்கு மேல்! தேய்மானம் போக கிரைண்டரின் இன்றைய புத்தக மதிப்பு பூஜ்யம். நண்பன் பேப்பரை வாங்கி, கூட்டல் சரியா என்று பார்த்து, மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பதில் கிடையாது.

அந்த வழக்கைத் தீர்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பயணம். எதை எறிவது, எதை வைப்பது என்று பார்க்க அவரும் வந்திருந்தார். சைக்கிளை எடுத்து வெளியே வைத்தார். காஸ்ட் அக்கவுண்டிங்கையும் வைத்தார் (நியாயம்தான்). சூட்கேஸில் ஒன்று காலி. இனி கிரைண்டர். நண்பன் நகர்ந்து நின்றான்.

பெட்ஷீட்டை விலக்கியவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டிரம்முக்குள் கையை விட்டுக் குழவியைத் தடவினார். துப்பட்டா நுனியால் மூடியைத் துடைத்தார். பிறகு பெட்ஷீட்டை மறுபடி போர்த்தி, நாலு பக்கமும் சொருகினார்.

"ஏனுங்க, இதைவிடச் சின்ன ரூம் ஒண்ணு கீழ்வரிசைல இருக்குதான்னு கேளுங்க. அப்படியே, வருஷத்துக்கு மொத்தமாக் கட்டுனா எவ்வளவு குறைப்பாங்கன்னும் கேட்டுருங்க."